சிங்கப்பூரில் மூன்று இரவு: வன்னிக் குடும்பத்துக்குக் காணுமா?

காணும். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், கூடவே ஒரு மூத்தம்மா என்று ஐந்து பேர் போனாலும் மூன்று இரவும் நான்கு பகலும் சிங்கப்பூருக்குப் போதும். ஆனால் பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு நாளைப் பிரித்தால், இரண்டாம் நாள் பின்னேரமே பயணம் குலைந்துவிடும். தொழுகை நேரங்களை முதலில் வைத்து, எந்தப் பள்ளிவாசலுக்குக் கிட்ட எந்தக் காட்சி என்று பார்த்து நாளைக் கட்ட வேண்டும். அப்படிச் செய்தால் கழிப்பறை, வுழூ, ஹலால் சாப்பாடு, பெரியவர்களுக்குக் கால் ஆறுதல் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். பட்டானிச்சூர், சாளம்பைக்குளம், நீராவிப்பிட்டி, தண்ணீரூற்றுப் பக்கம் இருந்து பாடசாலை விடுமுறைக்கு வெளிக்கிட யோசிக்கும் வீடுகளை மனதில் வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா கேட்பதில்லை. ஹொங்கொங் கேட்கும். துறைமுக நகரம் ஒன்றைக் குடும்பத்தோடு பார்க்க வேண்டும் என்றால் இந்த ஒரு காரணமே தெரிவை முடித்துவிடுகிறது. கடவுச்சீட்டை வவுனியாப் பிராந்திய அலுவலகத்திலேயே எடுக்கலாம். பயண நாளில் அதற்கு இன்னும் ஆறு மாதம் செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். விசா இல்லை என்பதற்காக வெறுங்கையோடு போய் நிற்கவும் முடியாது. திரும்பிவரும் விமானச்சீட்டு, தங்குமிடப் பதிவு, செலவுக்குக் காசு மூன்றையும் குடிவரவு அதிகாரி கேட்கலாம். மூன்றையும் கடதாசியில் எடுத்து ஒருவர் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் சார்ஜ் இல்லாமல் போவது வரிசையில் நிற்கும்போதுதான்.

எல்லோரும் சறுக்கும் இடம் வருகை அட்டை. எஸ்ஜி அரைவல் கார்ட் என்று அதற்குப் பெயர். சிங்கப்பூர்க் குடிவரவு அமைப்பான ஐசிஏயின் இணையத்தளத்திலோ செயலியிலோ, போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனியாக ஒன்று வேண்டும். இது முற்றிலும் இலவசம். தேடுபொறியில் தேடினால் மேலே வந்து நிற்கும் சில தளங்கள் இதே படிவத்துக்குக் காசு அறவிடுகின்றன. கடனட்டை விவரம் கேட்டால் தவறான இடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். கடவுச்சீட்டில் இப்போது முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில்தான் வரும். அதனால் அடிக்கடி திறந்து பார்க்கும் மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள்.

பெட்டி கட்டும்போது மூத்தம்மாவின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெற்றிலை பாக்கு பிரச்சினையில்லை, லிட்டில் இந்தியாவிலேயே வாங்கலாம். மெல்லும் புகையிலை அங்கே தடை. இலத்திரனியல் சிகரெட்டும் தடை. சாதாரண சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது, ஒரு பெட்டி என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். சுவிங்கமும் வேண்டாம். வீட்டில் பொரித்துக் கட்டிய மாட்டிறைச்சி, இறைச்சி வத்தல் எதுவும் கொண்டுபோகாதீர்கள். அங்கீகரித்த நாடுகளில் இருந்து வரும் இறைச்சியைத்தான் அவர்கள் உள்ளே விடுவார்கள், இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் இன்னும் உருண்டை முள்ளுப் பிளக் உள்ள பழைய சார்ஜர் இருந்தால் அதுவும் அங்கே நுழையாது. சதுர முள்ளு மூன்று உள்ளதுதான் அங்கே புழக்கம்.

கட்டுநாயக்காவுக்கு வவுனியாவில் இருந்து அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போவது கொழும்புக்குப் போய்த் திரும்புவதை விட நேர்வழி. 1990 இல் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, புத்தளத்தில் சொந்தம் இல்லாத வடக்கு முஸ்லிம் வீடு அரிது என்பதால், முதல் நாள் பின்னேரம் அங்கே தங்கி, அடுத்த நாள் ஆறுதலாக வெளிக்கிடுவது பிள்ளைகளுக்கு நல்லது. அங்கிருந்து விமானநிலையம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர்.

பறப்பு நான்கு மணித்தியாலம். சிங்கப்பூர் எங்களை விட இரண்டரை மணித்தியாலம் முந்தி. நள்ளிரவுக்குப் பிறகு ஏறினால் காலையில் இறங்கலாம், ஒரு பகல் மிச்சம். ஆனால் சுபஹ் வானத்தில் வந்து போய்விடும். சிங்கப்பூரில் சுபஹ் ஆண்டு முழுதும் ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில், சூரியன் ஏழு மணிக்குக் கிட்ட. இறங்கியபின் தொழலாம் என்று விட்டால் நேரம் கடந்துவிடும். ஏறுவதற்கு முன் வுழூ எடுத்துக்கொண்டு, இருக்கையில் இருந்தே தொழ ஆயத்தமாக இருங்கள். இன்னொரு சங்கடம், அறை பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டிகளை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு வெளிக்கிட வேண்டும். பிள்ளைகளின் மாற்றுடுப்பைத் தனிப் பையில் வைக்காவிட்டால் நடைபாதையில் பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும்.

மற்ற நேரங்கள்: ளுஹர் ஒரு மணிக்குக் கிட்ட, அஸர் நாலேகால் நாலரை, மஃரிப் ஏழுக்குக் கிட்ட, இஷா எட்டேகால் அளவில். எங்களைப் போலவே அங்குள்ள மலாய் முஸ்லிம்களும் ஷாஃபிஈ மத்ஹப் என்பதால் அஸர் நேரத்தில் குழப்பம் இல்லை. அதே மத்ஹபில், வரும் நாளையும் போகும் நாளையும் சேர்க்காமல் நான்கு நாளுக்குக் குறைவாகத் தங்குபவர் பயணிதான். அதனால் மூன்று இரவுப் பயணத்துக்குச் சேர்த்தும் சுருக்கியும் தொழும் சலுகை உண்டு. பகல் வெயிலில் அலைந்துவிட்டு அஸருக்கு இன்னொரு பள்ளி தேடி ஓட வேண்டியதில்லை. கிப்லாவுக்கும் ஒரு சின்ன வசதி இருக்கிறது. வவுனியாவில் கிப்லா வடக்கில் இருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 293 பாகை. சிங்கப்பூரிலும் அதே 293. மேற்கில் இருந்து கொஞ்சம் வடக்கே திரும்பினால் போதும். கூரையில் அம்புக்குறி இல்லாத ஹொட்டேல் அறையில் இது கைகொடுக்கும்.

தங்குமிடந்தான் சிங்கப்பூரின் பலவீனமான பக்கம். காசுக்கு ஏற்ற இடம் இல்லை. ஒரு சாதாரண அறையே இரவுக்கு 120 வெள்ளியில் இருந்து 200 வெள்ளி வரை போகும். டொலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நாங்களும் அப்படியே எழுதுகிறோம். பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டிய ஹொட்டேல்களில் ஜன்னலே இல்லாத அறைகள் நிறைய உண்டு. பதிவில் ஜன்னல் என்ற சொல் இல்லாவிட்டால் ஜன்னல் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாய் விரித்துத் தொழ இடம் வேண்டுமென்றால் அறையின் சதுர மீற்றரைப் பாருங்கள். 12 என்றால் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கத்தான் காணும். ஐந்து பேருக்கு ஒரு அறை பெரும்பாலும் தரமாட்டார்கள், இரண்டு அறைக்குக் கணக்குப் பாருங்கள்.

எந்த இடம் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. லிட்டில் இந்தியாவுக்கும் ஜாலான் புசாருக்கும் இடைப்பட்ட பகுதி, டன்லப் வீதியில் உள்ள அப்துல் கபூர் பள்ளிக்கு நடை தூரம். அல்லது கம்போங் கிளாம், சுல்தான் பள்ளிப் பக்கம். முதலாவது மலிவு, இரண்டாவது வடிவு. விலை குறைவு என்று கேலாங்கில் அறை போடும் குடும்பங்கள் மாட்டிக்கொள்வதுண்டு. கேலாங்கின் இரட்டை எண் லோரோங்குகள், அதாவது சந்துகள், சிவப்பு விளக்குப் பகுதி, இரவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கும் இடமல்ல. அதற்குக் கிழக்கே உள்ள கேலாங் செராய் மலாய் முஸ்லிம்களின் பகுதி, நோன்பு மாதச் சந்தைக்குப் பேர்போனது. பெயர் ஒன்றுபோல இருப்பதால்தான் இந்தப் பிசகு.

கழிப்பறை பற்றி யாரும் எழுதுவதில்லை. அங்காடிகளிலும் பல ஹொட்டேல்களிலும் தண்ணீர்க் குழாய் இருக்காது, கடதாசிதான். ஒரு சின்னப் போத்தலை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதால் குடிக்க வேறொரு போத்தலும் வையுங்கள், இரண்டையும் நிறத்தால் பிரித்துவிடுங்கள். பள்ளிகளில் இந்தக் கவலை இல்லை.

போக்குவரத்துக்குப் பத்துக்குப் பத்து கொடுக்கத் தயங்க மாட்டோம். எல்லா ரயில் நிலையத்திலும் மின்தூக்கி உண்டு, முழங்கால் வலியோடு வரும் மூத்தம்மாவுக்கும் சிரமமில்லை. பெயர்ப்பலகைகளில் தமிழைப் பார்த்ததும் அவருக்குப் பாதிப் பயம் போய்விடும். ஆளுக்கொரு ஈசி லிங்க் பயண அட்டை வாங்குங்கள். இரண்டு பேருக்கு ஒரு அட்டை செல்லாது, தட்டி உள்ளே போன அதே அட்டையால்தான் வெளியே வர வேண்டும். 90 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெரியவரோடு போனால் காசில்லை. வங்கி அட்டையை நேரே தட்டலாம், ஆனால் வெளிநாட்டு அட்டைக்கு நாளொன்றுக்கு 60 சதம் சேவைக் கட்டணம் விழும். ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது, தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது. தண்டம் 500 வெள்ளி வரை. டொபி உரிக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீல நிற டவுன்டவுன் பாதையை மட்டும் விளங்கிக்கொண்டால் மூன்று நாளும் ஓடும். சாங்கி விமானநிலையத்தில் ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி நீலப் பாதைக்கு மாறுங்கள். இங்கேதான் ஒரு நுணுக்கம். வரைபடத்தைப் பார்த்தால் லிட்டில் இந்தியா வரை அதே ரயிலில் இருக்கலாம் போலத் தெரியும். உண்மையில் அந்தப் பாதை சைனாடவுன், மரினா பே எல்லாம் சுற்றிக்கொண்டுதான் லிட்டில் இந்தியாவுக்கு வரும். முன்னதாகவே ஜாலான் புசாரில் இறங்கி நடந்தால் கால் மணித்தியாலத்துக்கும் மேல் மிச்சம். அதே சுற்றுத்தான் பிறகு உங்களுக்கு உதவப்போகிறது: லிட்டில் இந்தியா, ரோச்சோர், சுல்தான் பள்ளிக்கு பூகிஸ், கார்டன்ஸ் பை த பே பூங்காவுக்கு பேபிரன்ட், பழைய தமிழ் முஸ்லிம் பள்ளிவாசல்களுக்குத் தெலோக் ஆயர், மற்றப் பக்கம் தாவரவியல் பூங்கா, எல்லாம் ஒரே பாதையில்.

டாக்சியில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், ஐந்து பேருக்குப் பெரிய வாகனம் கேட்க வேண்டும். செயலியில் கூப்பிடும் தனியார் வாகனம் என்றால் 1.35 மீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்குப் பிள்ளை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு அந்த விதி இல்லை. இது தெரியாமல் கூப்பிட்டுவிட்டு, சாரதி ஏற்ற மறுத்ததும் சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சாரதி பக்கம்தான் நியாயம்.

இனிச் சாப்பாடு. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தை முயிஸ் என்பார்கள், ஹலால் சான்றிதழ் கொடுப்பது அவர்கள். கடைக் கண்ணாடியில் சான்றிதழே தொங்கும், அதில் முடிவுத் திகதியும் இருக்கும். மெக்டொனால்ட்ஸ், கேஎப்சி, பேர்கர் கிங் மூன்றும் அங்கே சான்றிதழ் பெற்றவை என்பதால் பிள்ளைகளுக்குக் கவலையில்லை. ‘பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்று எழுதியிருக்கும் பலகை வேறு சங்கதி. அது ஹலால் என்று சொல்லவில்லை. கோழி எப்படி அறுக்கப்பட்டது என்றோ, சமைக்கையில் மது ஊற்றவில்லை என்றோ அதில் உறுதி கிடையாது. மரக்கறிக் கடை என்றால் பாதுகாப்பு என்று நினைப்பதும் முழுச் சரி இல்லை, மதுபானம் பரிமாறும் மரக்கறிக் கடைகளும் உண்டு. நான்கு மலாய்ச் சொல் தெரிந்தால் பலகையை வாசித்துவிடலாம்: ஆயம் என்றால் கோழி, டாகிங் மாடு, காம்பிங் ஆடு, ஈக்கான் மீன். பாபி என்று கண்டால் திரும்பி நடங்கள். சீனக் கடையில் ‘பாக்’ என்று தொடங்கும் உணவுப் பெயர்களும் அநேகமாகப் பன்றிதான்.

ஹோக்கர் சென்டர் எனப்படும் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் ஹலால் கடையும் ஹலால் அல்லாததும் ஒரே கூரையில் இருக்கும். தட்டுகளை நீங்களே திருப்பி வைக்க வேண்டும். 2021 இல் இருந்து அது சட்டம். ஹலால் தட்டுக்கும் மற்றதுக்கும் தனித்தனி அடுக்கு உண்டு, பார்த்து வையுங்கள். மேசையில் ஒரு கடதாசிக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அந்த இடம் ஆள் உள்ள இடம். அதைக் குப்பை என்று தள்ளிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

லிட்டில் இந்தியா நிலைய வாசலிலேயே உள்ள தேக்கா சென்டரின் கீழ்த்தளத்தில் இந்திய முஸ்லிம் கடைகளின் பிரியாணி, வயிறு நிறைய, ஏறத்தாழ 6 வெள்ளியில் இருந்து 9 வெள்ளி. எங்கள் ஊர் புரியாணியோடு ஒப்பிட்டால் வாசம் குறைவு, குழம்பு தாராளம். மிளகாய் உறைப்பு எதிர்பார்க்காதீர்கள், எல்லாவற்றிலும் ஒரு இனிப்பு ஓடும். சிவப்பரிசிச் சோறு கிடைக்காது, மூன்றாம் நாள் மூத்தம்மா அதைக் கேட்பார். அவருக்கு இட்லி, தோசை சரிவரும். சுல்தான் பள்ளிக்கு எதிரே நோர்த் பிரிட்ஜ் வீதியில் 1908 முதல் இருக்கும் ஸம் ஸம் கடையின் முர்தபாக் எங்கள் முட்டை ரொட்டிக்கும் கொத்துக்கும் நடுவில் நிற்கும் பண்டம். நடுத்தர அளவில் ஒன்று இரண்டு பேருக்குக் காணும், தெரியாமல் ஆளுக்கொன்று சொன்னால் மிஞ்சும். அங்கே பலகையில் மான் முர்தபாக்கும் இருக்கிறது. வன்னியில் மான் இறைச்சி என்றால் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்போம். அங்கே விலையோடு எழுதித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்துப் பெரியவர்கள் திகைப்பார்கள்.

தேத்தண்ணி சொல்லும் முறையைப் படித்துக்கொண்டு போங்கள். வெறுமனே ‘தே’ என்றால் ரின்பால் போட்டு வரும். பிளேன்டீக்கு ‘தே ஓ’. சீனி வேண்டாமென்றால் ‘தே ஓ கோசோங்’. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கோசோங் என்ற சொல்தான் மருந்து. குளிரூட்டிய உணவகங்களில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 வீதச் சேவைக் கட்டணமும் 9 வீத வரியும் மேலே வரும்.

பள்ளிகளைக் காட்சிக்காக மட்டும் பார்த்தாலும் ஒரு நாள் வேண்டும். இரண்டாம் நாளை முழுதாக இதற்கு வையுங்கள். சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் வீதியில் ஜாமிஆ பள்ளி, சூலியா பள்ளி என்றும் பெயர். சோழமண்டலக் கரையில் இருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1826 இல் தொடங்கியது. பச்சை நிறத்தில் இரட்டை மினாராக்கள். அதே வீதியில் கூப்பிடு தூரத்தில் 1827 இல் தொடங்கிய மாரியம்மன் கோயில். ஜாமிஆ பள்ளியிலும் அப்துல் கபூர் பள்ளியிலும் ஜும்ஆப் பேருரை தமிழில் நடக்கும். வெள்ளிக்கிழமை அங்கே நிற்பதாக இருந்தால் ஒரு மணிக்கு முன் உள்ளே இருங்கள், அலுவலகக் கூட்டம் வந்து நிறைந்துவிடும். அங்கிருந்து பத்து நிமிட நடையில் தெலோக் ஆயர் வீதி. இப்போது கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் இந்த வீதிதான் மண் நிரப்புவதற்கு முன் கடற்கரை, கப்பலில் வந்தவர்கள் கரையேறிய இடம். 1827 இல் ஓலைக் குடிலாக எழுந்ததால் அல் அப்ரார் பள்ளிக்கு இன்றும் குச்சுப் பள்ளி என்ற தமிழ்ப் பெயர் உண்டு. அதே வீதியில் 1830 அளவில் கட்டி முடித்த நாகூர் தர்கா, இப்போது இந்திய முஸ்லிம் மரபு நிலையம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றம் பார்த்தவர்களுக்கு நாகூர் ஆண்டகை பெயர் அங்கே ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. கடலில் போகிறவர்கள் எங்கே இறங்கினாலும் அவர் பெயரில் ஒன்று கட்டிவிடுவார்கள்.

இன்னும் பத்து நிமிடம் நடந்தால் ராஃபிள்ஸ் பிளேஸ். அங்கே யூஓபி வங்கிக் கோபுரத்தின் நிலக்கீழ்த் தளத்தில் மௌலானா முகம்மது அலி பள்ளி. மரினா பே பக்கம் வேறு பள்ளி கிட்ட இல்லாததால் மெர்லயன் சிலைக்குப் போகும் முன் ளுஹரையும் அஸரையும் இங்கே சேர்த்துத் தொழுதுவிடுவது கெட்டித்தனம். வெளியே பெரிய மினாராவைத் தேடினால் காணமாட்டீர்கள், படியிறங்க வேண்டும். மெர்லயன் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட 8.6 மீற்றர் உயரச் சிலை. படம் எடுக்கக் கால் மணித்தியாலம் காணும்.

சுல்தான் பள்ளியை அஸருக்குப் பிந்தி வெயில் சாயும்போது பாருங்கள். இப்போதைய கட்டடம் 1932 இல் முடிந்தது. பொன்னிறக் குவிமாடத்தின் அடியில் கறுப்பு வளையம் ஒன்று தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது முழுக்கக் கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகம். காசு கொடுக்க முடியாத ஏழைகளின் பங்கும் சேரட்டும் என்று வாங்கிப் பதித்தவை. அப்துல் கபூர் பள்ளி வாசலுக்கு மேலுள்ள சூரிய வடிவத்தில் 25 கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். பிள்ளைகளை எண்ணி வாசிக்கச் சொன்னால் நல்ல விளையாட்டு. பெண்களுக்குத் தனித் தொழுமிடமும், பெரும்பாலும் இரவலாக வெள்ளைத் தொழுகை உடையும் இருக்கும். எங்கள் பள்ளிகள் பலவற்றில் இல்லாத வசதி இது, சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் காலை தாவரவியல் பூங்கா. 2015 இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏறியது, நுழைவு இலவசம், ஓர்கிட் தோட்டத்துக்கு மட்டும் காசு. மரம் பார்க்க வன்னியில் இருந்து போக வேண்டுமா என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம். பிள்ளைகள் ஓடட்டும்.

பின்னேரம் மரினா பராஜ். சுற்றுலாக்காரர் அதிகம் கணக்கில் எடுக்காத இடம், வன்னியாருக்கு அந்த ஊரிலேயே சிறந்த காட்சி இதுதான் என்பது எங்கள் கருத்து. கழிமுகத்தின் வாயை மறித்து 350 மீற்றர் நீளத்துக்குக் கட்டி 2008 இல் திறந்த அணை. உள்ளே நன்னீர், வெளியே கடல். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை, 10,000 ஹெக்டேயர் நீரேந்து பரப்பு, இந்த ஒரு குளத்துக்கு வந்து சேருகிறது. அணையில் ஒன்பது இரும்பு வான் கதவுகள். இரணைமடுக் குளத்தில் வான் கதவு திறப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாதி வேலை விளங்கும். மிச்சப் பாதியில்தான் சங்கதி இருக்கிறது. இரணைமடுவில் கதவைத் திறந்தால் தண்ணீர் தானாகக் கீழே போகும். இங்கே வெளிப்பக்கம் கடல் என்பதால், வற்றுப்பெருக்கில் கடல் ஏறி நிற்கும் நேரம் கதவைத் திறந்தால் கடல்தான் உள்ளே வரும். ஆகவே கடல் இறங்கியிருந்தால் கதவைத் தாழ்த்தி வெள்ளத்தை விடுகிறார்கள். கடல் ஏறியிருந்தால் கதவை மூடிக்கொண்டு ஏழு பம்பிகளால் இறைத்துக் கடலில் ஊற்றுகிறார்கள். ஒவ்வொன்றும் செக்கனுக்கு 40 கனமீற்றர் இறைக்கும். மாரியில் நந்திக்கடலின் முகத்துவாரத்தை வெட்டிவிட்டுக் கடல் எப்போது மண்ணை மூடும் என்று பார்த்திருக்கும் முல்லைத்தீவாருக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே புரியும். உள்ளே இலவசக் காட்சிக்கூடமும் உண்டு. கூரை முழுவதும் புல், பின்னேரங்களில் பட்டம் விடுவார்கள். அங்கே இருந்து பார்த்தால் நீரிணையில் நங்கூரமிட்ட கப்பல்கள் அடுக்கடுக்காக நிற்கும். சிங்கப்பூர் உலகின் முன்னணித் துறைமுகம் என்பதைக் கண்ணால் அறிய இதைவிடச் செலவில்லாத இடம் இல்லை. கார்டன்ஸ் பை த பே நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கூரையில் நிழல் கிடையாது, ஐந்து மணிக்கு முன் ஏற வேண்டாம்.

அங்கிருந்து கார்டன்ஸ் பை த பே பூங்காவுக்கு நடந்தால், சூப்பர்ட்ரீ எனப்படும் மர வடிவக் கோபுரங்களின் ஒளிக்காட்சி 7.45க்கும் 8.45க்கும், இலவசம். முதல் காட்சி மஃரிபுக்கு அரை, முக்கால் மணித்தியாலம் அளவில் பிந்தியே வருகிறது. பள்ளிக்கு ஓடித் திரும்ப நேரம் போதாது. மஃரிபை இஷாவோடு பிற்படுத்திச் சேர்ப்பதாக நிய்யத் வைத்துக்கொண்டு 7.45 காட்சியைப் பார்த்துவிட்டு, பேபிரன்டில் ரயிலேறினால் ஒன்பது மணிக்கெல்லாம் அறையில் இருக்கலாம். 8.45 காட்சிக்கு நின்றால் சாப்பாடும் தொழுகையும் பத்தரையைத் தாண்டும், சின்னது தோளில் தூங்கிவிடும். பூங்காவின் கண்ணாடிக் கூடங்கள் இரண்டுக்கும் நுழைவுச்சீட்டு விலை அதிகம். மழை பெய்தால் மட்டும் யோசியுங்கள்.

சென்தோசாத் தீவை விட்டாலும் குறையில்லை. போவதென்றால் லிட்டில் இந்தியாவில் இருந்து ஊதாப் பாதையில் ஹார்பர்பிரன்ட், அங்கிருந்து நடைபாதையில் நடந்தால் காசில்லை. நிலையத்துக்குக் கிட்டவே தெமெங்கோங் தாயெங் இப்ராஹிம் பள்ளி இருக்கிறது. சிலோசோக் கோட்டையில் பழைய பீரங்கிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பீரங்கி பார்க்க வன்னியில் இருந்து விமானம் ஏற வேண்டியதில்லை.

டிசம்பர் விடுமுறையைத் தவிருங்கள். எங்கள் மாரிதான் அங்கும், விலையும் உச்சம். பெரும்போக வெட்டு முடிந்து கையில் காசு நிற்கும் சித்திரை விடுமுறை பரவாயில்லை, பின்னேர இடிமழைக்கு ஆளுக்கொரு குடை போதும்.

கடைசி நாள் சாமான் வாங்க செய்யது அல்வி வீதியில் முஸ்தபா சென்டர், எதிரே செரங்கூன் வீதியில் அங்குலியா பள்ளி. ஒரே நாளில் ஒரே கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் சுற்றுலாப் பயணிக்கு வரி திருப்பித் தருவார்கள், மூன்று பற்றுச்சீட்டு வரை சேர்க்கலாம். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டுங்கள். விமானநிலையத்தில் பெட்டியைக் கொடுக்கும் முன் வரி இயந்திரத்துக்குப் போக வேண்டும், சாமானைக் காட்டச் சொன்னால் பெட்டி கையில் இருக்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் காசு வராது. நேரம் மிஞ்சினால் பக்கத்து ஜூவல் அங்காடியில் 40 மீற்றர் உட்புற நீர்வீழ்ச்சி, அதுவும் இலவசம். ஈசி லிங்க் அட்டையை எறிந்துவிடாதீர்கள். ஐந்து வருடத்துக்குச் செல்லும், மிச்சக் காசோடு அடுத்துப் போகும் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.